உப்பும் பூக்கும்
(தோல் பிரதேசத்துப் பூ, பூச்சிப் படங்களை முன்வைத்துச் சில கேள்விகள்)

1

ஆம்பூர்த் தம்பி ஒருவர் இருபத்துநான்கு புகைப்படங்களை ஒரு காக்கி உறையில் போட்டுக் கொடுத்தார். ஓராண்டு முழுக்க எடுத்தவை. மாதத்துக்கு இரண்டு. தை மாதத்து ஆவாரம்பூவில் தொடங்கும் வரிசை மார்கழிக் கோலத்துப் பூசணிப்பூவில் முடிகிறது. இடையில் மாசியில் எருக்கம்பூவைக் கவ்விக்கொண்டிருக்கும் கரிய வண்டு. பங்குனியில் வேப்பம்பூவும் தேனீயும். சித்திரையில் புங்கம்பூ உதிர்ந்த தரையில் சாரை போகும் எறும்புகள். ஆடிக் காற்றில் வெட்டுக்காயப் பூண்டின் ஒற்றைப் பூவைப் பற்றிக்கொண்டு ஆடும் சின்ன நீல வண்ணத்துப்பூச்சி. ஐப்பசி மழைக்கு மறுநாள் விளக்குக் கம்பத்தடியில் சிறகுதிர்த்த ஈசல். கார்த்திகையில் குச்சி நுனியில் ஆரஞ்சு நிறத் தட்டான். எல்லாமே ஊருக்குள்ளும் ஊரையொட்டியும் எடுத்தவை. ரயில் பாதை ஓரம், பள்ளிக்கூட மதில், ஷூ கம்பெனிக்குப் பின்னாலுள்ள காலிமனை, பாலாற்றங்கரை.

"எப்டிண்ணே வந்துகீது?" என்று கேட்டார்.

சும்மா சொல்லக் கூடாது, நன்றாகத்தான் வந்திருக்கின்றன. எருக்கம்பூ வண்டின் முதுகில் வெயில் ஊதாவாகச் சிதறுவதை நான் அதுவரை கவனித்ததே இல்லை. ஆனால் இருபத்துநான்கையும் பார்த்து முடித்ததும் ஒரு கேள்வி எழுந்தது. ஊர் பெயரைச் சொல்லாமல் இவற்றை ஒருவரிடம் கொடுத்தால், எங்கே எடுத்தவை என்று அவரால் சொல்ல முடியுமா? கோயம்புத்தூர் என்று சொல்லலாம், தஞ்சாவூர் என்று சொல்லலாம், யாழ்ப்பாணம் என்றும் சொல்லலாம். ஆம்பூர் என்று சொல்ல ஒரு தடயமும் இல்லை. வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று பாலாற்றையொட்டி நீளும் தோல் பிரதேசம் இது. 2019இல் வேலூர் மாவட்டத்தைப் பிரித்த பிறகு மூன்று மாவட்டங்களில் பங்காகிக் கிடக்கிறது. இதற்குள் ஓராண்டு முழுக்க ஒருவர் கேமராவோடு அலைந்திருக்கிறார். ஒரு படத்தில்கூடத் தோல் இல்லை. டேனரி இல்லை, கழிவு வாய்க்கால் இல்லை, வேலைக்குப் போகிற ஓர் ஆள் இல்லை.

இதைத் தம்பியின் தனிப்பட்ட குறையாகப் பார்க்க வேண்டியதில்லை. நகரத்து இயற்கையைப் படமெடுக்கும் ஒரு வகைமை நம்மிடையே உருவாகி நிலைபெற்றுவிட்டது. பூ, பூச்சி, பருவம் என்பதே அதன் இலக்கணம். காலண்டரில், கண்காட்சிச் சுவரில், அரசுத் துறைக் கையேட்டில், எல்லோர் கையிலும் உள்ள போனில் அது இருக்கிறது. அந்த இலக்கணம் எதை உள்ளே விடுகிறது, எதை வெளியே நிறுத்துகிறது என்பதே இங்கே பேச்சு.

2

முதலில் கருவியைப் பார்ப்போம். பூச்சியை நெருங்கி எடுக்கும்போது கூர்மையாகப் பதிவாகும் ஆழம் மிகக் குறைவு. பூச்சியின் உருவம் அதன் உண்மை அளவிலேயே உணரியில் விழும்படி நெருங்கினால், சில மில்லிமீட்டர் ஆழம்கூடக் கிடைக்காது. கண் கூர்மையாக இருந்தால் வால் மங்கும். அதற்குப் பின்னாலுள்ள உலகம் முழுவதும் நிறக் கரைசலாகிவிடும். புகைப்படக்காரர்கள் இதைக் குறையாக நினைப்பதில்லை, கொண்டாடுகிறார்கள். பின்னணி 'சுத்தமா' இருக்கணும் என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம்.

இந்தச் 'சுத்தம்' என்ற சொல்லை நாம் சும்மா விட்டுவிடக் கூடாது. தம்பியின் படங்களில் ஒன்றில் உண்ணிச்செடிப் பூவுக்குப் பின்னால் மென்மையான வெளிர்நீலம் தெரிகிறது. வானம் என்றே நினைத்தேன். கேட்டதற்குச் சிரித்தார். "வானம் இல்லண்ணே, வெட் ப்ளூ துண்டு. கம்பெனிக்குப் பின்னாடி கொட்டி வெச்சிருந்தாங்க." குரோமில் பதனிட்டு டிரம்மிலிருந்து எடுத்த ஈரத்தோல் இளநீலமாக இருக்கும். அதன் ஓரம் வெட்டிய கழிவுத் துண்டுகள் ஆழக் குறைவால் வானமாகிவிட்டன. குரோமியக் கழிவை வானமாக மாற்றும் வேலையை ஒரு லென்ஸ் யாரையும் கேட்காமல் செய்துவிடுகிறது. எடுத்தவருக்கும் தெரியும். பார்க்கிறவருக்குத் தெரியாது. அதிகாரம் எப்போதும் கட்டளையாகத்தான் வர வேண்டுமென்பதில்லை. இப்படி ஒரு கண்ணாடிக் குவியத்தின் வழியாக, ரசனையாகவும் வரும்.

1928இல் ஜெர்மனியில் ரெங்கர்-பாட்ஷின் புகைப்படத் தொகுதி ஒன்று 'உலகம் அழகானது' என்ற தலைப்பில் வந்தது. 1931இல் புகைப்படத்தின் வரலாறு பற்றி எழுதிய வால்டர் பெஞ்சமின் இந்தத் தலைப்பையே அந்தப் போக்கின் முழக்கமாக எடுத்துக்கொண்டு விமர்சித்தார். எந்தப் பொருளையும் அழகாக்கிவிடும் கேமராவால் அந்தப் பொருள் நிற்கும் மனித உறவுகளைச் சொல்ல முடியவில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். ஓர் ஆலையின் புகைப்படம் அந்த ஆலையைப் பற்றி ஏறக்குறைய எதுவும் சொல்லாது என்ற பிரெக்டின் கருத்தையும் அங்கே துணைக்கு அழைக்கிறார்.

ஆனால் பெஞ்சமினை வைத்து உடனே தீர்ப்பு எழுதிவிட முடியாது. அதே 1928இல் கார்ல் புளோஸ்ஃபெல்ட்டின் தாவரப் படங்களும் நூலாயின. மொட்டு, தண்டு, சுருள் இலை எல்லாம் பல மடங்கு பெரிதாக்கப்பட்டு, வெறும் பின்னணியில் நிற்கும். அதை பெஞ்சமின் வரவேற்றார். பின்னணி இல்லாததுதான் குற்றம் என்றால் புளோஸ்ஃபெல்ட்டும் குற்றவாளிதான். அவரோ பெர்லினில் கைவினை பயிலும் மாணவர்களுக்கு வடிவம் கற்பிக்க அந்தப் படங்களை எடுத்தவர். அவருடைய வெறும் பின்னணி வகுப்பறையின் கரும்பலகை மாதிரி, அதற்கு ஒரு வேலை இருந்தது. ஆக, பின்னணி மங்கலா தெளிவா என்பது இரண்டாவது கேள்வி. அந்த மங்கல் யாருக்காக, என்ன வேலை செய்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

3

வரிசையின் முதல் படத்துக்கு வருவோம். ஆவாரம்பூ. அதன்மேல் ஒரு வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சி. தைப் பொங்கல் என்றதும் ஆவாரம்பூ நினைவுக்கு வருவது இயல்பு. மேற்கு மாவட்டங்களில் காப்புக் கட்ட வேப்பிலையோடும் பூளைப்பூவோடும் அதுதான் சேரும். மங்கலம், மஞ்சள், மருந்து என்று ஒரு பண்பாட்டுச் சுமையே அந்தப் பூவின்மேல் இருக்கிறது. படத்தின் அழகில் பாதி அந்தச் சுமையிலிருந்து வருகிறது.

ஆனால் இந்த வட்டாரத்தில் ஆவாரைக்கு இன்னொரு வரலாறு உண்டு. இங்கே தோல் தொழில் நின்றதே ஆவாரம்பட்டையின்மேல்தான். கரம்பிலும் காட்டோரத்திலும் உரித்து வந்த பட்டையின் துவர்ப்புத்தான் தோலை அழுகாமல் காத்தது. கூடவே மலைக் கடுக்காய். இப்படிப் பதனிட்ட தோல் 'ஈஸ்ட் இந்தியா தோல்' என்ற பெயரில் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸுக்கும் போனது. ஆங்கிலத்தில் இந்தச் செடிக்கே 'தோல் பதனிடுவோர் கேசியா' என்ற பொருளில் ஒரு பெயர் இருக்கிறது. அதாவது, டேனரியை வெளியே தள்ளிவிட்டுப் படமெடுத்ததாக நாம் நினைக்கும் அந்தப் பூவே டேனரியின் தாய்.

பட்டைக்கு ஒரு பருவம் இருந்தது, குழிக்குள் ஊற வாரக்கணக்கில் நாள் இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆல்பிரட் சாட்டர்டன் முயற்சியால் சென்னையில் குரோம் முறை வந்துவிட்டாலும் பட்டைத் தோல் பல பத்தாண்டுகள் தாக்குப்பிடித்தது. தென்னாப்பிரிக்க வாட்டில் பட்டை ஆவாரையின் இடத்தில் பாதியைப் பிடித்தது. 1970களில் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு விதித்து, முழுதாக முடித்த தோலையும் காலணியையும் ஊக்குவித்தது. அதற்குப் பிறகு குரோம் முழுவேகத்தில் வந்தது. வாரங்கள் பிடித்த வேலை ஒரு நாளில் முடிந்தது. குரோமுக்குப் பருவம் கிடையாது. வெளிநாட்டு ஆர்டருக்குத்தான் பருவம் உண்டு. ஆக, 'பருவங்களினூடாக' என்று நாம் வரிசைப்படுத்தும் அந்தக் காலமே இந்த ஊரில் ஏற்கெனவே உடைந்த காலம்.

இதைச் சொல்லும்போது பட்டைக் காலம் பொற்காலம் என்ற ஏக்கத்துக்குள் விழுந்துவிடக் கூடாது. அப்போதும் உப்பு உண்டு, சுண்ணாம்புக் குழி உண்டு. அந்தக் குழிக்குள் முழங்காலளவு நின்றவர்கள் எந்தச் சாதியினர் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. இயற்கைப் பதனீடு என்று இன்று விளம்பரப்படுத்தப்படும் ஒன்றில் இயற்கையாக்கப்பட்டது சாதியும்தான்.

திணை மரபு இந்த இடத்தில் ஒரு வழி காட்டும் என்று நம்மில் பலர் சொல்வார்கள். பெரும்பொழுது ஆறு, அதற்குரிய பூ, அதற்குரிய பறவை என்று. ஆனால் அந்தப் பட்டியலை முழுதாகப் படிக்கிறோமா? தொல்காப்பியம் கருப்பொருளை எண்ணும்போது மரத்தோடும் புள்ளோடும் பறையையும் தொழிலையும் சேர்த்தே எண்ணுகிறது. பறை என்றால் தோல். பூவையும் புள்ளையும் எடுத்துக்கொண்டு பறையையும் தொழிலையும் கழற்றிவிட்ட திணைதான் இன்றைக்குக் காலண்டரில் தொங்குகிறது. பழைய திணை சமத்துவமானது என்று நான் வாதாட வரவில்லை. அது தொழிலை மறைக்கவில்லை என்று மட்டும் சொல்கிறேன். மறைத்தது நம் காலத்து ரசனை.

4

கார்த்திகைப் படத்தில் இருக்கும் ஆரஞ்சுத் தட்டானைக் கவனியுங்கள். உடலும் சிறகின் பெரும்பகுதியும் தணல் மாதிரி. வரிசையிலேயே அழகான படம் எது என்று கேட்டால் பலரும் இதைத்தான் காட்டுவார்கள். இதன் அறிவியல் பெயர் பிராக்கிதெமிஸ் கண்டாமினேட்டா. இந்தியா முழுக்கக் குட்டையிலும் சாக்கடையிலும் தேங்கிய கழிவு நீரோரத்திலும் சர்வசாதாரணமாகக் காணப்படுவது. மற்றத் தட்டான்கள் பல ஒதுங்கிப்போகும் நீரில் இது தாக்குப்பிடிக்கும். ஓரிடத்தில் இது மட்டுமே கூட்டமாக இருந்து வேறு தட்டான்களைக் காணோம் என்றால் தண்ணீரைச் சந்தேகிக்கலாம் என்பது பூச்சி பார்க்கிறவர்களுக்குத் தெரிந்த பாடம்.

கண்டாமினேட்டா என்றால் இலத்தீனில் கறைபட்டது, மாசுபட்டது. 1793இல் ஃபெப்ரீசியஸ் வைத்த பெயர். நம் ஊர்ச் சாக்கடையைப் பார்த்து வைத்த பெயரல்ல. ஆனாலும் அந்தப் பெயர் இங்கே வந்து பொருந்திக்கொள்ளும் விதம் நமக்குப் பழக்கமானது. அழுக்கைச் செய்தவர் ஒருவர், அந்த அழுக்கோரத்தில் பிழைத்துக் கிடப்பவர் இன்னொருவர், 'அழுக்கு' என்ற பெயர் பிழைத்துக் கிடப்பவருக்கு. தோல் வேலை செய்தவர்களுக்கு இந்தச் சமூகம் வைத்த பெயர்களின் இலக்கணமும் இதுதான். செத்த மாட்டைத் தூக்கியவன் தீட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டவன் தீட்டில்லை.

மாசு, தீட்டு என்ற இரண்டு சொற்களையும் பிரித்தே ஆள வேண்டும். மாசு நீரில் அளக்கக் கூடியது. தீட்டு மனிதர்மேல் சுமத்தப்படுவது. ஆனால் நடைமுறையில் ஒன்று மற்றொன்றுக்குள் கசிகிறது. "ஆம்பூர் வந்தாலே நாத்தம் குடலைப் பிடுங்கும்" என்று ரயிலில் கைக்குட்டையால் மூக்கைப் பொத்துகிறவர் மாசைச் சொல்கிறாரா, தீட்டைச் சொல்கிறாரா? அவர் காலிலுள்ள ஷூ எங்கே தைத்தது என்று கேட்டால் என்ன சொல்வார்? பூவை வைத்துக்கொண்டு டேனரியைச் சட்டகத்துக்கு வெளியே நிறுத்தும் படத்தில் இந்த மூக்குப் பொத்தல் கொஞ்சம் இருக்கிறது. ஊருக்கு வெளியே சேரி, சட்டகத்துக்கு வெளியே டேனரி. பார்வைக்கும் தீண்டாமை உண்டு.

இதற்கு நேரெதிரான ஒரு பார்வை டேனரிக்குள்ளேயே இருக்கிறது. தரம் பிரிக்கும் மேசை. தோலை விரித்து, வெளிச்சத்தில் சாய்த்து, உண்ணி கடித்த வடு எங்கே, பூச்சி துளைத்த ஓட்டை எங்கே, முள் கீறிய தடம் எங்கே என்று தொழிலாளி விரலால் தடவிப் பார்ப்பார். ஓர் ஆடு எந்தப் புதரில் மேய்ந்தது, எந்தப் பருவத்தில் அறுபட்டது என்பதைத் தோலிலிருந்து படிக்கக்கூடிய கண் அது. பூச்சியை இவ்வளவு நெருங்கிப் படிக்கும் கண் நம் இயற்கைப் புகைப்படக்காரர்களிடம் எத்தனை பேருக்கு உண்டு? ஆனால் அது ரசனை என்று கணக்கில் வராது, கூலி என்று கணக்கில் வரும். டி. செல்வராஜின் 'தோல்' நாவல் (2010) திண்டுக்கல் தோல் தொழிலாளர்களை இலக்கியத்துக்குள் கொண்டுவந்தபோது அந்த உழைப்பின் அறிவும் கூடவே வந்தது. நம் புகைப்படத்துக்குள் அது இன்னும் வரவில்லை.

5

இவ்வளவையும் தம்பியிடம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்:

"எங்கப்பா முப்பது வருஷம் சுண்ணாம்புக் குழியில நின்னாருண்ணே. கால் விரலு நடுவுல புண்ணு ஆறினதே இல்ல. நா பொறந்ததுலேர்ந்து பாத்ததெல்லாம் டேனரிதான். இப்ப ஒரு பூவப் பாத்தா, அதுலயும் டேனரியத்தான் பாக்கணும்னு சொல்றீங்களா? இன்னாண்ணே, எங்கூர்ல பூவே பூக்கக் கூடாதா?"

இதற்கு என்னிடம் தயார் பதில் இல்லை. பெஞ்சமினும் கைகொடுக்கவில்லை.

யோசிக்கையில் அவர் கேள்வியின் நியாயம் புலப்பட்டது. 2006இல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகின் மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்கள் என்று ஒரு பட்டியல் போட்டது. செர்னோபிலோடு ராணிப்பேட்டையும் அதில் இருந்தது. அன்றிலிருந்து கேமராக்கள் வந்தன. வெள்ளத்தில் மிதக்கும் நுரை, செத்த மீன், புண்பட்ட கால், மஞ்சள் தண்ணீர். ராணிப்பேட்டையில் சோடியம் பைகுரோமேட் தயாரித்து 1990களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுப்போன லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவுமேடு பல பத்தாண்டுகள் திறந்தவெளியில் கிடந்தது. அதில் ஊறி வழியும் நீரின் மஞ்சள் எந்த ஆவாரம்பூவுக்கும் குறைந்த மஞ்சளல்ல. அந்தப் படங்கள் அவசியமானவை. 2015 ஜனவரி 31ஆம் தேதி ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, இரவில் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் 9 பேர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அதைப் படமெடுக்காமல் விடுவது குற்றம்.

ஆனால் நம் பிரசுரங்களையும் போஸ்டர்களையும் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். அவற்றில் இந்த ஊர் மக்கள் நோயாளிகளாக மட்டுமே வருகிறார்கள். ஷூ கம்பெனி வேனில் விடிகாலையில் முண்டியடித்து ஏறும் பெண்களின் தலையில் மல்லிகை இருக்கிறது. ஆம்பூரைச் சுற்றி மல்லிகைத் தோட்டங்கள் உண்டு. அந்தப் பூவை எந்தச் சுற்றுச்சூழல் அறிக்கையும் படம் போட்டதில்லை. அதுவும் நகரத்து இயற்கைதானே? பூப் படம் தொழிலாளியை அழகுக்காக வெட்டுகிறது. நுரைப் படம் அவருடைய அழகை அரசியலுக்காக வெட்டுகிறது. இரண்டு கத்தரிக்கோலும் ஒரே இடத்தில்தான் வெட்டுகின்றன.

ஆகவே முதலில் நான் சொன்னதைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். சுண்ணாம்புக் குழியில் நின்றவரின் மகன் பின்னணியை மங்கலாக்குவதும், ஏற்றுமதியாளர் மாநாட்டு அறையின் சுவருக்காகப் பின்னணியை மங்கலாக்குவதும் ஒன்றல்ல. முன்னவருக்கு அது மூச்சு விடும் இடம். பின்னவருக்கு அது கணக்கை மறைக்கும் இடம். இரண்டும் ஒரே லென்ஸ்தான், ஒரே மாதிரிப் படம்தான். ஆனால் படம் எடுத்தவர் கையை விட்டுப் போன பிறகு இந்த வேறுபாடு அழிந்துவிடுகிறது. தம்பியின் ஆவாரம்பூ நாளைக்கே ஏதாவது ஒரு கம்பெனியின் 'பசுமை' மலரில் அச்சாகலாம். அவர் தனக்காக மங்கலாக்கியது அவர்களுக்குப் பயன்படும். அவரைப் பார்க்காதே என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. பார்த்ததைத் தூக்கிக் கொடுத்துவிடாதே என்று சொல்ல உரிமை உண்டென்று நினைக்கிறேன்.

6

தூக்கிக் கொடுக்காமல் வைத்துக்கொள்வது எப்படி?

தமிழில் பூத்தல் என்பது பூவுக்கு மட்டும் உரிய வினையல்ல. சுவரில் உப்புப் பூக்கும். மழைக்காலத்தில் செருப்பில் பூசணம் பூக்கும். காத்திருந்து காத்திருந்து கண் பூத்துப்போகும். தோல் பிரதேசத்தின் பருவங்களை எழுத வேண்டுமானால் இத்தனை பூத்தலையும் எழுத வேண்டும். பச்சைத் தோல் கெடாமலிருக்க அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு உப்புப் போடுவார்கள். ஊறவைக்கும்போது அந்த உப்பு முழுக்கத் தண்ணீரோடு வெளியேறும். 1990களில் கட்டிய பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களால் கரைந்த உப்பைப் பிரிக்க முடியவில்லை. நீர் வெளியேற்றமே கூடாது என்ற விதியும் அதற்கான இயந்திரங்களும் பின்னால்தான் வந்தன. அதற்குள் உப்பு நிலத்தடிக்குப் போய்விட்டது. சித்திரை வெயிலில் அது மேலேறி வயலில் வெள்ளையாகப் பூக்கிறது. அந்தப் பூவைத் தம்பி எடுக்கவில்லை. நானும் கேட்கும்வரை நினைக்கவில்லை.

1991இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28இல் தீர்ப்பளித்தது. தோல் பிரதேசத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானது என்ற கணக்கு அந்தத் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. கெடுத்தவரே ஈடு தர வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்துக்குள் உறுதியாக வந்ததும் அதன் வழியாகத்தான். இழப்பீடு நிர்ணயிக்க ஓர் ஆணையம் அமைந்தது. 29,000க்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டோர் என்று கணக்கெடுக்கப்பட்டார்கள். பிறகும் வழக்கு நடந்தது. 2025 ஜனவரி 30இல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் இழப்பீடு, ஆற்றைச் சீர்படுத்தல், கண்காணிப்புக் குழு என்று உத்தரவிட்டு, நிறைவேறுகிறதா என்று தொடர்ந்து பார்க்கும் பொறுப்பையும் தன்னிடமே வைத்துக்கொண்டது. இரண்டு தீர்ப்புக்கும் நடுவே 28 ஆண்டுகள். கண் பூத்துப்போனவர்கள் எத்தனையோ பேர். இந்தக் காலம் முழுக்கச் சண்டை எதைச் சுற்றி நடந்தது? ஆதாரத்தைச் சுற்றி. எந்தக் கிணறு, எப்போது கெட்டது, அதற்குமுன் எப்படி இருந்தது?

இங்கேதான் பூவும் பூச்சியும் வேறு ஆளாகின்றன. செர்னோபில் விபத்துக்குப் பிறகு, 1987இலிருந்து, சுவிட்சர்லாந்து ஓவியர் கொர்னேலியா ஹெஸ்ஸே-ஹொனேக்கர் கதிர்வீச்சு படிந்த இடங்களிலும் அணு உலைகளைச் சுற்றியும் நாவாய்ப் பூச்சிகளைச் சேகரித்து, அவற்றின் கோணிய உணர்கொம்பையும் சுருங்கிய சிறகையும் வரைந்தார். அறிவியலாளர்கள் பலர் ஏற்கவில்லை. பாதிப்பில்லாத இடத்துப் பூச்சிகளோடு ஒப்பிட்டாயா என்று கேட்டார்கள். எரிச்சலூட்டும் கேள்விதான், ஆனாலும் நாம் கற்க வேண்டிய கேள்வி. கோணலான ஒற்றைப் பூச்சியின் படம் அதிர்ச்சி தரும், சாட்சி ஆகாது. இன்னொரு பக்கம், ஜெர்மனியின் கிரெஃபெல்ட் ஊரில் பூச்சி ஆர்வலர் சங்கத்தினர் 63 இடங்களில் ஒரே மாதிரி வலை வைத்து 27 ஆண்டுகள் சளைக்காமல் சேகரித்தார்கள். பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை முக்கால் பங்குக்கும் மேல் குறைந்துவிட்டது என்று 2017இல் வெளியானபோது உலகம் திடுக்கிட்டது. அவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்கும் விஞ்ஞானிகள் அல்ல. அழகான ஒரு பூச்சியைக் காட்டி அவர்கள் இதைச் சாதிக்கவில்லை. அலுப்பூட்டும் தொடர்ச்சியால் சாதித்தார்கள்.

இல்லாமல் போன பூச்சியைப் படமெடுக்க முடியாது. போன வருஷம் இதே செடியில் இருந்தது என்ற படம் கையில் இருந்தால்தான் இந்த வருஷத்து வெற்றுச் செடி ஒரு செய்தியாகும். நம்மிடையே இதற்கு முன்னோடி இல்லாமலில்லை. மா. கிருஷ்ணன் (1912–1996) 1950இலிருந்து இறக்கும்வரை 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் பத்தி எழுதினார். காட்டு யானையை எழுதிய அதே அக்கறையோடு வீட்டுக் கொல்லைப் பறவைகளையும் எழுதினார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று தொகுத்திருக்கிறார். ஊருக்குள் இருப்பதை விடாமல் பார்த்துக்கொண்டிருப்பது ஒரு வேலை என்பதை அவர் காட்டினார். நமக்கு வேண்டியது அந்த விடாப்பிடி. கூடவே அவர் காலத்து இயற்கை எழுத்து பெரிதும் கேட்காமல் விட்ட கேள்விகளும்: இந்த நிலம் யாருடையது, இந்தத் தண்ணீர் யார் குடிப்பது?

தம்பியோடு பேசி ஒரு வழிமுறைக்கு வந்தோம். ரொம்ப எளியது. ஒரே ஆவாரம்புதர், ஒரே கிணற்று மேடு, ஒரே வாய்க்கால் ஓரம் என்று மூன்று இடம். மாதம் ஒருமுறை போவது. ஒவ்வொரு இடத்திலும் இரண்டு படம். ஒன்று அவர் விரும்புகிறபடி, நெருங்கி, பின்னணி கரைந்து, எவ்வளவு அழகாக முடியுமோ அவ்வளவு அழகாக. அடுத்தது அதே இடத்தில் நின்று, பத்தடி பின்வாங்கி, எல்லாம் தெரியும்படி. பூ, புதர், உப்பு, மதில், புகைக்குழாய், வேலைக்குப் போகிறவர் விரும்பி நின்றால் அவரும். தேதியும் இடமும் பின்னால் எழுத வேண்டும். பூச்சி வராத மாதம் வெறும் செடியை எடுக்க வேண்டும். இரண்டு படத்தையும் எங்கே கொடுத்தாலும் சேர்த்தே கொடுக்க வேண்டும், பிரித்துக் கொடுப்பதில்லை. இது ஒன்றுதான் நிபந்தனை.

மனு எழுதும் தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம் கோப்புகளில் நீர்ப் பரிசோதனைச் சான்று இருக்கிறது, பட்டா நகல் இருக்கிறது, மருத்துவச் சீட்டு இருக்கிறது. அந்த நிலத்தில் என்ன பூத்தது, என்ன பறந்தது என்ற பதிவு இல்லை. அதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட்டோம். இழந்தது என்னவென்று சொல்லத் தெரியாதவர்களாக இழப்பீடு கேட்டுக்கொண்டிருந்தோம்.

போன வாரம் தம்பி முதல் ஜோடியைக் கொண்டுவந்தார். கிணற்று மேட்டு ஆவாரை. கிட்டத்துப் படத்தில் வழக்கம்போல மஞ்சள். தூரத்துப் படத்தில் புதருக்குக் கீழே நிலம் வெளுத்துக் கிடக்கிறது. அதற்குப் பின்னால், கல்கட்டு இடிந்த கிணறு. கிணற்றடியில் ஒரு வயதானவர் குந்தியிருக்கிறார்.

"யாருப்பா?" என்றேன்.

"எங்கப்பாண்ணே. கூட வர்றேன்னு வந்தாரு. அந்தக் கெணத்துலதான் சின்ன வயசுல நீச்சல் பழகினாராம். எனக்கு இன்னிக்குத்தான் சொன்னாரு."

படத்தைத் திருப்பிப் பார்த்தேன். தேதி எழுதியிருந்தார், இடம் எழுதியிருந்தார். அதற்குக் கீழே, அப்பா சொன்ன கணக்கில், அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் கடைசியாக வாயில் வைத்த வருஷத்தையும்.